வாசல்ல ஒரு வயல்

ஊரு வயல்ல நடவும் அறுப்பும் எங்க சேரிதான். நிலம் ஒரு சென்ட் கிடையாது. இப்ப மிஷின் அறுக்குது, மிஷினே வைக்கோலக் கட்டுது. எங்க கூலி போச்சு. அந்தக் கட்டுல நாலை விலைக்கு வாங்கி வாசலில் போட்டோம். அறுத்த தாள்முனை மேலே, கயிறு பக்கவாட்டில் இருக்கணும். தினமும் தண்ணி, ஒருநாள் விட்டு ஒருநாள் யூரியா. உள்ளே கொதிக்கும். 'அடுப்பாட்டம் சுடுதுடா'ன்னு கையை இழுத்தாள் அம்மா. பத்துப் பன்னிரண்டு நாளில் சூடு தணிந்ததும் குழி பறித்து, மக்கிய எருவிட்டு, கத்தரி, மிளகாய் நட்டோம். காய்த்தது.

ஆனால் வைக்கோல் ஒரு வருசத்தில் மக்கிவிடும். 1892 அரசாணைப்படி எங்க மக்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அதில் எவ்வளவோ இன்று அவர்கள் கையில். வைக்கோலில் கத்தரி காய்க்கும் தோழர்களே, பட்டா காய்க்காது.