எண்களைப் படிக்கக் கற்ற எங்கள் பள்ளி



நான் பாராட்டுப் பெற்ற ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பாராட்டுக்கு நான் உரியவள் அல்லேன் என்பதை அன்றிரவே அறிந்துகொண்டேன்.

1988ஆம் ஆண்டு தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. அதன்பின், மாணவரின் தேர்ச்சியைச் சொல்லும் பொறுப்பு பெரிதும் வகுப்பறை மதிப்பீட்டின் மீது, அஃதாவது ஆசிரியராகிய நம் தோள்மீது வந்து அமர்ந்தது. ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை அடைவு நிலைகள் உள்ளன. நிலை 3ஐ எட்டியவர் குறைந்த அளவுத் தேர்ச்சி பெற்றவர். எண்களை உருவாக்குபவரும் நாமே, படிப்பவரும் நாமே. உருவாக்குவதற்குப் பயிற்சி பெற்றோம். படிப்பதற்குப் பெற்றோமா?

எங்கள் பள்ளி செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய பள்ளி. 2023ஆம் ஆண்டுப் பள்ளித் தவணையில் என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் 8 மாணவர்கள் இருந்தனர். நடுவாண்டில் தமிழ்மொழியில் நிலை 3ஐ எட்டியவர்கள் 75 விழுக்காட்டினர், ஆண்டிறுதியில் 85.7 விழுக்காட்டினர். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அதைத் திரையில் காட்டினார். எல்லாரும் கைதட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

இரவு கோப்பை அடுக்கும்போதுதான் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தேன். நடுவாண்டில் 8 பேரில் 6 பேர். ஆண்டிறுதியில் 7 பேரில் 6 பேர். ஆறு பேர் ஆறு பேராகவே இருந்தனர். வாசிக்கத் திணறிய இருவரில் ஒருவனின் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குச் சென்றுவிட்டது. என் வகுப்பில் எவரும் முன்னேறவில்லை. ஒரு பிள்ளை போய்விட்டான். அதற்குத்தான் கைதட்டல்.

எஞ்சிய ஒருத்தி நிலை 2இலேயே நின்றாள். அவளைப் பற்றி நான் சிந்திக்கவே இல்லை. உயர்ந்து நின்ற விழுக்காடு அவளை மறைத்துவிட்டது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "நானும்தானே கவனிக்கவில்லை, டீச்சர். எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

அவ்வாறுதான் எங்கள் பணியிடைப் பயிற்சி தொடங்கியது. முதலில் ஒரு தாளில் ஐந்து கேள்விகள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டா என்றேன். பெயர் கேட்டால் அச்சம் வரும், அச்சம் வந்தால் அளவு பிழைக்கும். பாலர்பள்ளி ஆசிரியை, அலுவலக எழுத்தர் உட்பட 12 பேர் எழுதினோம். மாணவர் தொகை மாறியதால் விழுக்காடு ஏறியதைக் கண்டுகொண்டவர்கள் நால்வர் மட்டுமே.

பயிற்சியில் நாங்கள் கற்றவை எளியவை. விழுக்காட்டைச் சொல்லுமுன் தலைகளை எண்ணுவது. 8 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையே 12.5 விழுக்காடு என்பதை மறவாதிருப்பது. அதே பிள்ளைகளைத்தான் ஒப்பிடுகிறோமா எனக் கேட்பது. ஒரே எழுத்துப்படிக்கு இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே நிலை இட்டு, ஏன் வேறுபட்டோம் எனப் பேசுவது. கடைசிப் பயிற்சியில்தான் மிகுதியாக வாக்குவாதம் எழுந்தது. மிகுதியாகக் கற்றதும் அதில்தான்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு எண்களையும் சூழலையும் மாற்றி மீண்டும் தாள் கொடுத்தேன். அதே தாளைக் கொடுத்தால் நினைவாற்றலைத்தான் அளந்திருப்பேன். இம்முறை ஒன்பது பேர் சரியாகக் கண்டனர். 4இலிருந்து 9 என்பது மகிழ்ச்சியே. எனினும் தாளில் விடை எழுதுவது வேறு, வேலையில் அக்கேள்வியைக் கேட்பது வேறு. ஆகவே, கூட்டங்களில் "எத்தனை பேரில்?" என்ற கேள்வி எழுகிறதா எனக் குறிப்பேட்டில் குறித்துவந்தேன். முதற்கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் கூட்டத்தில் பாலர்பள்ளி ஆசிரியை கேட்டார். அதுவே எனக்கு உண்மையான அளவுகோலாகத் தோன்றியது.

அந்தப் பெண்பிள்ளையின் கதைக்கு வருகிறேன். பயிற்சி ஒன்றில் அடைவு நிலைப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அவள் அவ்வாண்டில் 29 நாள்கள் வரவில்லை. எழுத்தர் அமைதியாகச் சொன்னார்: "அவள் வராத நாள்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமைகள், டீச்சர். அம்மாவுக்கு ஞாயிறு இரவு தொழிற்சாலையில் வேலை. காலையில் அழைத்துவர ஆள் இல்லை."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள்தாம் அவரைக் கேட்கவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசினோம். அதே வரிசை வீட்டுத் தாய் ஒருவர் திங்கட்கிழமைகளில் தம் பிள்ளையோடு அவளையும் அழைத்துவர இசைந்தார். அடுத்த ஆண்டிறுதியில் அவள் நிலை 3ஐ எட்டினாள். வருகை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது என்றுதானே கற்றுக் கொடுத்தேன்!

பெற்றோர்களே, பள்ளி உங்களிடம் ஒரு விழுக்காட்டைக் காட்டினால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று தயங்காமல் கேளுங்கள். ஆசிரியத் தோழர்களே, அக்கேள்வி வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பட்டியலில் இல்லாமற்போன ஒரு பெயரை அது நமக்கு நினைவூட்டக்கூடும்.