காடு பத்தின காணி

காடு வரைவோம் என்று வெளிக்கிட்டபோது எங்களுக்குத் தெரிந்த காடு யூடியூப்பில் பார்த்ததுதான். பைன் மரம், பனிமூட்டம், நடுவில் கொஞ்சம் வெளிச்சம். அச்சுவேலியில் செம்மண் தோட்டம் இருக்கு, பனை இருக்கு. காட்டுக்கு எங்கை போறது?

பெயின்றைத் தடிப்பாக அப்பி வரைவதற்கு வான்கோவைப் பார்த்தோம். 1889இல் சென் ரெமி மனநல மருத்துவமனைத் தோட்டத்து மரநிழலை வரைந்திருக்கிறார். கொடி படர்ந்த அடிமரங்கள். இலை என்று ஒன்றைத் தனியாகக் காட்டமுடியாது, எல்லாம் குட்டிக் குட்டித் தீற்றல். தள்ளி நின்று பார்த்தால் நிழல் குளிருது.

எங்கடை காசுக்கு ரியூப் பெயின்றை அப்பிடி அப்பேலாது. சுவருக்குப் பூசுற புட்டியை அக்ரிலிக்கோடு குழைத்தோம். முதல் படம் இரண்டு நாளில் வெடித்து உதிர்ந்தது. பிறகு வெள்ளைப் பசை சேர்த்து, ஒரு படை காய்ந்த பிறகே அடுத்தது என்று பொறுமை படித்தோம். தூரத்து மரங்களுக்குத் தண்ணியாகக் கரைத்த சாம்பல்நீலம், கிட்டத்து மரங்களுக்கு மட்டும் தடிப்பு. எல்லா இடமும் அப்பினால் மூட்டம் செத்துப்போகும். காலாவதியான ஏ.டி.எம். கார்ட்டால் மேலிருந்து கீழே இழுத்தால் மரப்பட்டை தானாக வரும் (இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை!).

பைன் மரம் மட்டும் வரவேயில்லை. வந்தது முள்மரமும் பற்றையும்.

அம்மம்மா வந்து கனநேரம் பார்த்தா. அவ வளலாய் ஆள், 1990இல் இடம்பெயர்ந்தவ. 2015 மார்ச்சில் காணி விட்டபோது சின்னப் பிள்ளைகளாக நாங்களும் கூடப்போனோம். "இதுதான் விறாந்தை" என்று அவ காட்டிய இடத்தில் ஆள் உயரத்துக்குப் பற்றை. கிணற்றை வைத்துத்தான் வளவைப் பிடித்தோம்.

"உது எங்கடை காணியெல்லோ," என்றா. விரலால் மரப்பட்டையைத் தடவிப்போட்டு, "காட்டைப் போய் ஏன் பிள்ளையள் இவ்வளவு வடிவாக்கி வச்சிருக்கிறியள்?"

எங்களிடம் பதில் இல்லை. மூட்டம், ஆழம் என்று நாங்கள் இரண்டு கிழமையாகப் பெருமைப்பட்டது அவவுக்கு இருபத்தைந்து வருசம் கூட்டாத முற்றம்.

"கிணறு எங்கை?"

கிணறு வைத்தால் படத்தின் ஆழம் கெட்டுப்போகும் என்று எங்களுக்குள் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. காலையில் நடுவில் இருந்த அந்த வெளிச்சத்தைச் சுரண்டி எடுத்தோம். அந்த இடத்தில் கிணற்றுக்கட்டு. படத்திலேயே ஆகத் தடிப்பான இடம் அதுதான், இன்னும் உள்ளே காயவில்லை. அம்மம்மா ஒவ்வொரு நாளும் வந்து அமத்திப் பார்க்கிறா. நேற்று, துலாவும் நின்றதெண்டு சொன்னா.