நுவரெலியாவில் ஒரு மார்கழித் தோட்டம்

மார்கழி மாதத்திலே மழை பெய்தால் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வானத்தை நோக்கிக் கைகூப்புகிறான். வரம்பைச் சற்றே உயர்த்திக் கட்டுகிறான். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். இன்று அதனுள் இறங்கும் மழைதான் மாசியிலும் பங்குனியிலும் கிணற்றில் ஊறி, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீராகிறது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் குளக்கட்டுகள் செய்வதும் அதே காரியந்தான். ஆகவே, தோட்டவேலை என்றால் நீரைத் தேக்கிவைக்கும் வேலை என்று நம்மவர் எண்ணுவது இயல்பே. ஆனால் இதே தீவிலே, இதே மார்கழியிலே, நீரை வழியனுப்பி வைப்பதையே முதற்கடமையாகக் கொண்ட தோட்டக்காரரும் இருக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் அவர்களுடைய வேலையை அருகிருந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர், நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள தம் பெற்றோரின் இல்லத்துக்கு நம்மை அழைத்திருந்தார். கண்டியிலிருந்து பஸ் ஏறினோம். றம்பொடையைத் தாண்டும்வரை சன்னலைத் திறந்துவைத்து நீர்வீழ்ச்சியைப் பார்த்து மகிழ்ந்த நாம், லபுக்கலையை அடைந்தபோது சன்னலை மூடிக்கொண்டோம். அதன்பின் பார்ப்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை, எங்கும் வெண்புகாரே.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை, 8,281 அடி உயரத்தில், நகரத்தின் பின்னே நிற்கிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே பெரும்பாலும் கொட்டும் மழை இல்லை. தூறலும் புகாரும் மாறிமாறி நாட்கணக்கில் நிற்கும். உடுத்த துணி உலராது. அடுப்புக்கு வைத்த விறகு தீப்பற்றாது. பெருமழையிலே நனைவதை நாம் அறிவோம். இந்த ஈரமோ நனையாமலே எலும்புக்குள் இறங்குகிறது.

நண்பரின் பெற்றோர் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள். லயத்தின் பின்புறச் சரிவிலே, சில பேர்ச் அளவான நிலத்தில், அவர்கள் காய்கறி பயிரிடுகிறார்கள். மேற்பாத்திகளில் லீக்ஸ், கரட், கோவா. அடியில் உள்ள பள்ளத்துப் பாத்தியில் உருளைக்கிழங்கு. நிலம் தோட்டத்துக்குரியது, உழைப்பும் விதையும் அவர்களுடையவை. பேரப்பிள்ளைகள் இருவருக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கும் பணம் இந்தப் பாத்திகளிலிருந்தே வரவேண்டும் என்பதை நண்பர் வழியிலேயே நமக்குச் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் பெரியவர் கம்பளியைத் தலைமேல் போர்த்துக்கொண்டு, மண்வெட்டியுடன் புறப்பட்டார். செடிகளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேரே கானுக்குச் சென்றார். மலைநாட்டிலே கான் என்பது சரிவுக்குக் குறுக்கே, சற்றே சாய்வாக வெட்டப்படும் வடிகால். மேலேயிருந்து ஓடிவரும் நீரைப் பாத்திக்குள் பாயவிடாமல் ஏந்திக்கொண்டு, பக்கத்து ஓடைக்குக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. சாய்வு மிகுந்தால் நீர் விரைந்து ஓடிக் கானையே அரித்துவிடும். குறைந்தால் நீர் தேங்கி, கரை உடைந்து பாத்திக்குள் புகும். எந்த அளவு சாய்வு வேண்டும் என்று கேட்டோம். “தண்ணி நடந்து போகணுமுங்க ஐயா, ஓடக்கூடாது” என்றார் பெரியவர். இதைவிடத் தெளிவான விளக்கத்தைப் பின்னர் எந்தப் பாடநூலிலும் நாம் கண்டிலோம்.

கானின் அடியிலே இடையிடையே குழிகள் உண்டு. நீரோடு வரும் மண் அவற்றில் படிந்துவிடும். இரவு மழையில் நிரம்பிய அந்தக் குழிகளை ஒவ்வொன்றாக வெட்டித் துப்புரவாக்கினார். எடுத்த சேற்றை ஓரமாக எறிந்துவிடுவார் என்றே எண்ணியிருந்தோம். அவருடைய மனைவியாரோ அதைக் கூடையில் அள்ளி, இடுப்பிலே ஏந்திக்கொண்டு, வழுக்கும் சரிவிலே ஏறி, மேற்பாத்தியின் தலைமாட்டிலே கொட்டினார். பத்துப் பன்னிரண்டு தடவை இவ்வாறு ஏறி இறங்கினார். மழை இரவில் கீழே இறக்கிய மண்ணை மனிதர் பகலில் மேலே ஏற்றுகின்றனர். கூடையொன்றைச் சுமந்துபார்த்த நண்பரின் மாணவர் இருவரும் மூன்றாம் தடவையோடு கல்லின்மேல் அமர்ந்துவிட்டனர்.

கான் எல்லா மழையையும் தாங்கும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலே மலைச்சரிவுகளை வீடுகளோடும் மனிதரோடும் பெயர்த்துக்கொண்டு போனதை வாசகர் மறந்திருக்கமாட்டார். அத்தகைய மழைக்கு மண்வெட்டியால் விடைகூற இயலாது; ஆபத்தான சரிவை விட்டு மக்களை நல்ல இடத்தில் குடியமர்த்துவதே அதற்கு விடை. நாம் இங்கே பேசுவது ஆண்டுதோறும் வரும் வழக்கமான மழையைப் பற்றியே.

ஈரநிலத்தில் வேலைசெய்யும் முறையும் நமக்குப் புதிதாக இருந்தது. பாத்திக்குள் கால்வைக்க எவருக்கும் அனுமதி இல்லை. நனைந்த மண்ணை மிதித்தால் அதன் துளைகள் அடைபட்டு, காற்றும் நீரும் புகாத கட்டியாகிவிடும், வேரும் அழுகும். ஆகவே பாத்திகளின் குறுக்கே பலகையொன்றைப் போட்டு, அதன்மேல் குந்தியிருந்துதான் களை பிடுங்குகிறார்கள். களைக்கொட்டும் இக்காலத்தில் உதவாது. வெயிற்காலத்தில் கொத்திப்போட்ட களை வாடிச் சாகும். தூறலிலோ அது கிடந்த இடத்திலேயே மீண்டும் வேர்விடும். கையால் பிடுங்கிக் கூடையிற் போட்டு அகற்ற வேண்டியதுதான். லீக்ஸுக்கு மண் அணைப்பது, நாற்றுமேடைமீது பொலித்தீன் கூரையை இழுத்துக் கட்டுவது, எருக்குவியலின் சத்து மழையில் கரைந்து போகாதபடி மூடிவைப்பது, இரவிலே கைவிளக்குடன் சென்று கோவாவின் அடியில் ஒளிந்திருக்கும் ஓடில்லா நத்தைகளைப் பொறுக்குவது என்று வேலைகள் தொடர்கின்றன. கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகள் பெருமகிழ்ச்சியோடு செய்தனர்.

உருளைக்கிழங்குப் பாத்தியை அடைந்தபோது பெரியவரின் முகம் மாறியது. சில இலைகளின் ஓரத்திலே நீர் ஊறியதுபோன்ற கரும்புள்ளிகள். இதுதான் இலைவெளிறலன்று, இலைக்கருகல் நோய். குளிரும் ஈரமும் சேர்ந்து நிற்கும் நாட்களே இதற்கு உகந்தவை. அயர்லாந்திலே 1845-ஆம் ஆண்டிலிருந்து பெரும்பஞ்சத்தை விளைவித்து, இலட்சக்கணக்கானோரை மாய்த்ததும் இதே நோய்தான். தேயிலைக்கும் இதைப்போல ஈரத்தை நாடும் நோய் ஒன்று உண்டு; கொப்புளநோய் என்பர். அது 1946-இல் இலங்கைக்கு வந்தது. புகார் நாட்களிலே இளங்கொழுந்தைப் பிடிப்பதால், தேயிலையில் வாழ்ந்த முதியோருக்கு இலையின் ஈரம் எத்தனை மணிநேரம் நிற்கிறது என்று கணக்கிடும் பழக்கம் தானாகவே அமைந்துவிட்டது.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை 1880-களில் பிரான்சு நாட்டு முந்திரிகைத் தோட்டங்களுக்காக உருவாக்கினார்கள். இன்று கடைகளில் வேறுபல மருந்துகளும் கிடைக்கின்றன. எதுவாயினும், தெளித்தபின் இலையிலே உலரவேண்டும். உலர்வதற்குள் மழை வந்தால் மருந்தும் காசும் கானோடு போய்விடும். முதல்நாள் அவ்வாறே போயிற்று என்றார் அம்மையார். ஆதலால் அன்று இருவரும் நோய்கண்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சாக்கிலே சேர்த்தனர். அவற்றைக் கானுக்குள் எறிய முயன்ற பேரனைப் பாட்டியார் கடிந்துகொண்டார். கான் கீழ்லயத்தாரின் பாத்தியருகே செல்கிறது. நோயும் நீரோடு அங்கே சென்றுவிடும் அல்லவா? சாக்கைத் தொலைவிலே கொண்டுபோய் ஆழமாகப் புதைத்தார்கள்.

இம்மண்ணில் ஆங்கிலக் காய்கறி பயிரிட்ட கதை பழையது. 1848-இல் சாமுவேல் பேக்கர் என்பவர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் ஆடுமாடுகளையும் கருவிகளையும் கொண்டுவந்து இங்கே பண்ணை அமைத்தார். தமது எட்டாண்டு அனுபவத்தை 1855-இல் நூலாகவும் வெளியிட்டார். நுவரெலியாக் காய்கறியின் வரலாறு கூறுவோர் அவர் பெயரோடு தொடங்குவது வழக்கம். சேற்றைக் கூடையிலே மேலேற்றும் கைகளையும் அவ்வரலாற்றிலே சேர்க்கவேண்டும் என்பது நம் கருத்து.

மறுநாள் நகரத்துக்கும் ஹக்கலைக்கும் போய்வந்தோம். ஹக்கலைப் பூங்கா 1861-இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பெற்றது; மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைன் அம்மரத்தின் பட்டையிலிருந்தே கிடைக்கிறது. சீதாப்பிராட்டி சிறையிருந்த அசோகவனம் இப்பக்கத்திலேதான் என்பது மக்கள் நம்பிக்கை. மார்கழியிலே பூங்காவுக்குச் செல்வோர் பூக்களைக் காணோமே என்று குறைப்படுவதுண்டு. நமக்கோ வேலையைக் காண்பதில் விருப்பம் மிகுதி. ரோசாச் செடிகளை, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோலக் கழித்துவிட்டால்தான் புதுத்தளிர் வந்து அரும்பு வைக்கும். ஏப்பிரல் மாதத்து வசந்தகாலக் கூட்டத்துக்கு மலர் விரியவேண்டுமாயின், நாற்று இந்தக் குளிரிலேயே முளைத்தாகவேண்டும். சித்திரையில் மலர்களோடு நின்று படம்பிடித்துக்கொள்வோர், தூறலிலே விரல் விறைக்க நாற்று நட்டவரைக் காண்பதில்லை.

அன்று மாலை தூறல் நின்றது. காற்றும் ஓய்ந்தது. புகார் விலகி நட்சத்திரங்கள் தெரிந்தன. நாம் மகிழ்ந்தோம், பெரியவர் மகிழவில்லை. மேகம் மூடிய இரவிலே நிலத்தின் சூடு வெளியேறாது. வானம் தெளிந்து காற்றும் அடங்கிவிட்டால் நிலம் விரைவாகக் குளிர்கிறது. பாரமான குளிர்காற்று சரிவிலே நீர்போல இறங்கிப் பள்ளத்திலே தேங்குகிறது. மார்கழி, தை, மாசி மாதங்களில் இத்தகைய இரவுகளிலேதான் புல்நுனியில் வெண்பனி உறைகிறது. நீரை வெளியேற்றக் கானுண்டு. குளிரை எந்தக் கானால் வெளியேற்றுவது? உருளைக்கிழங்கு நிற்பதோ பள்ளத்துப் பாத்தியில்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் ஆலோசனை நடந்தது. இன்னும் மூன்று வாரம் நின்றால் கிழங்கு நல்ல எடை காணும். இப்போதே கிண்டினால் சிறுகிழங்கு, விலையும் சிறிது. நிற்கவிட்டுப் பனி விழுந்தால் இலை கருகி, கிழங்கின் வளர்ச்சி அத்துடன் நின்றுவிடும். கருகல் நோயும் காத்திருக்கிறது. மகன் நிற்கவிடலாம் என்றார். தகப்பனார் பேசாதிருந்தார். “பாதியைக் கிண்டுவோம், பாதியை மூடுவோம்” என்று முடிவு சொன்னவர் அம்மையாரே. உடனேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் இறங்கினோம். வெட்டிவைத்திருந்த மானாப்புல்லையும் பழஞ்சாக்குகளையும் செடிகளின்மேல் மெல்லப் பரப்பினோம்.

அதிகாலை நான்கரை மணிக்கு அம்மையார் எழுந்துவிட்டார். மூடாக்கு எட்டாத ஓரச்செடிகளிலே வெண்மை படிந்திருந்தது. வெயில் சுள்ளென்று படுமுன் உறைபனியை நீரால் கழுவிவிட்டால் இலை ஓரளவு தப்பும் என்பது அங்குள்ளோர் அனுபவம். பூவாளியிலே பீலித் தண்ணீரை நிரப்பி, கைகள் சிவக்க, வரிசை வரிசையாக ஊற்றிச் சென்றார். விடிந்தபின் பாதிப் பாத்தியைக் கிண்டினார்கள். கிழங்குகள் பெரும்பாலும் கோழிமுட்டை அளவே.

தைப்பொங்கலுக்கு மறுநாள் நண்பர் தொலைபேசியில் பேசினார். மேலும் இரண்டு இரவு பனி விழுந்ததாம். மூடிய வரிசைகளில் மேற்புறத்தவை தப்பின; பள்ளத்தின் அடியிலிருந்த இரண்டு வரிசை கருகிவிட்டன. அவற்றின் கிழங்கை அன்றே கிண்டியெடுத்து, அந்த இடத்திலே லீக்ஸ் நாற்று வைத்திருக்கிறார்களாம்.