கற்பிட்டித் தென்னையிற் கட்டிய கம்பி

கொழும்பிலிருந்து புத்தளம் வீதியால் வடக்கே பிரயாணஞ் செய்வோர், புத்தளம் நகரை அடைவதற்குச் சற்று முன்னதாகப் பாலாவிச் சந்தியில் இடப்புறந் திரும்புவராயின், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பொன்றின் வழியே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் செல்ல வேண்டியிருக்கும். வழியில் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி நெடுநேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேயிருக்கும். அதனையுங் கடந்து, தென்னந்தோட்டங்களையும் மணற்காட்டையும் கடந்து, வீதி முடியுமிடத்தில் இருப்பதுதான் கற்பிட்டி. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய கோட்டை அங்குண்டு. இன்று அது கடற்படையினரின் முகாமுக்குள் அடங்கியிருக்கிறது. இக்காலத்தில் அவ்வூருக்குச் செல்வோரிற் பலர் ஓங்கில்கள் துள்ளி விளையாடுவதைக் காணவே செல்கின்றனர். நாம் சென்றதோ தென்னை மரத்திற் கம்பி கட்டுவதற்கு!

வாசக நேயர்கள் இதனை வேடிக்கையென எண்ணலாகாது. நாற்பது வயதைக் கடந்த பின்னர் நாம் அமெச்சூர் வானொலிச் சங்கத்திற் சேர்ந்துகொண்டோம். கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிப்பவராதலால், மின்காந்த அலைகளைப் பற்றிப் பதினெட்டு வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வந்தவர்களே நாம். ஆனால், அவ்வலையொன்றை எமது கையால் அனுப்பியதில்லை. வந்ததொன்றை எமது காதால் இனங்கண்டதுமில்லை. இக்குறையை உணர்த்தியவர் சங்கத்தில் நெடுங்கால உறுப்பினராயிருந்த நண்பரொருவர். “நீச்சலைப் பற்றிப் புத்தகம் படித்தவர் நீர்” என்று ஒருநாள் அவர் சொன்னது எமக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே விண்ணப்பத்தை நிரப்பினோம். “இந்த வயதில் விளையாட்டுச் சாமானோ?” என்று வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு இன்றுவரை எம்மிடம் தக்க விடையில்லை.

அமெச்சூர் வானொலி என்பது யாது? பாட்டும் செய்தியும் ஒலிபரப்புவதன்று. வியாபாரத்துக்காகவோ ஊதியத்துக்காகவோ செய்வதுமன்று. பரீட்சையிற் சித்தியெய்தி அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர், தமக்கென ஒதுக்கப்பட்ட வானலைகளில், அவ்வாறே அனுமதி பெற்ற மற்றொருவருடன் சம்பாஷிப்பது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. சுதந்திரத்துக்கு முன்னர் இலங்கையருடைய குறி ‘வீஎஸ்7’ என ஆரம்பமாயிற்று. பின்னர் ‘4எஸ்7’ என்பது எமது நாட்டின் அடையாளமாகி, உலகெங்கும் அறிமுகமாயிற்று. வானலையில் வாய் திறப்பவர் முதலில் இக்குறியைச் சொல்லியாக வேண்டும். முகமூடியணிந்து பேசுவதற்கு அங்கே இடமில்லை.

இப்பொழுதுபோக்கு எமது நாட்டுக்குப் புதியதன்று. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இங்கு பணியாற்றிய எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர், பிரித்தானியரும் இலங்கையருமான ஆர்வலர்களைச் சேர்த்துச் சிலோன் வயர்லெஸ் கிளப் என்னும் சங்கத்தை அமைத்தார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டு செலுத்தியொன்றை உருவாக்கி, மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை அனுப்பிப் பரீட்சித்தவரும் அவரே என்பர். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. தெற்காசியா முழுவதற்கும் பிற்காலத்திற் பாட்டுக் கேட்பித்த இலங்கை வானொலியின் தொட்டில் அந்தச் சிறிய அறைதான்.

மேல்நாட்டிலும் இது போன்றதொரு கதையுண்டு. 1912இல் அமெரிக்க அரசாங்கம் அமெச்சூர்களை 200 மீற்றருக்கு மேற்பட்ட அலைநீளங்களிலிருந்து விலக்கி வைத்தது. அதற்குக் குறைந்த அலைகளால் எப்பயனுமில்லையென அக்கால அறிஞர் நம்பியிருந்தனர். உதவாத காணியைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் தமையனின் தாராளம் அது! ஆனால், 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரத்து அமெச்சூர் ஒருவரும் அமெரிக்க அமெச்சூர் ஒருவரும் ஏறத்தாழ 110 மீற்றர் அலையில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலாக இருபுறமும் சம்பாஷித்து விட்டனர். உதவாத காணியிற் புதையல் இருந்தது. சிற்றலைகள் வானத்திலுள்ள அயனமண்டலத்தில் முறிந்து பூமிக்குத் திரும்புகின்றன என்பதன் பெரும்பயன் அதன் பின்னரே உலகுக்குப் புலனாயிற்று.

இனிக் கற்பிட்டிக்கு வருவோம். சென்ற மாசி மாதத்தில், எமது நண்பரும், சிங்களவரான ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரும், நாமுமாக மூவர் சென்றோம். அவ்விருவரும் அனுமதிப்பத்திரம் உடையவர்கள். நாமோ கயிறு பிடிக்கவும் குறிப்பெழுதவும் சென்ற கற்றுக்குட்டி. கடற்கரையை ஏன் தேர்ந்தார்கள் எனின், உப்பு நீர் மின்னை நன்கு கடத்துவதாதலால், அதன் ஓரத்தில் நிறுத்தப்படும் கம்பியிலிருந்து அலைகள் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகப் புறப்பட்டு நெடுந்தூரம் செல்லும். இரண்டு பக்கமும் உப்பு நீரும் நடுவே உயர்ந்த தென்னைகளுமாக இருக்கும் கற்பிட்டியை விடப் பொருத்தமான இடம் வேறெங்கே கிடைக்கும்? நிறுத்துங் கம்பிக்கு மறுநாளை ஒதுக்கி, அன்று மாலை கிடைக் கம்பியொன்றுடன் தொடங்கினோம்.

7 மெகாஹேட்ஸ் மீடிறனுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் நீளமான கம்பி வேண்டும். அதனை இரண்டு தென்னைகளுக்கிடையில் உயர்த்த வேண்டும். எமது பொறியியலாளர் கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்தார். கல் கீழே வந்தது, கயிறும் வந்தது. நாம் எறிந்தோம். அது பற்றிப் பேசாதிருத்தலே நலம். கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் சிறிது நேரம் எம்மைப் பார்த்திருந்துவிட்டு எழுந்து வந்தார். தூண்டில் நைலோன் நூலின் நுனியில் ஈயக்குண்டொன்றை முடிந்து, ஒரே வீச்சில் வட்டுக்கு மேலாகச் செலுத்தி மறுபுறம் இறக்கினார். நூலின் வாலிற் கயிறு, கயிற்றின் வாலிற் கம்பி. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

“சேர், இந்தக் கம்பியால எங்கட போட்டோட கதைக்கலாமா?” என்று அவர் கேட்டார்.

“இல்லைக் காக்கா. இது வேற அலை. போட்டுக்கு வேற செட் இருக்கு” என்றோம்.

அவர் முகம் வாடியது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவருடைய தம்பியின் படகில் இயந்திரம் நின்றுபோயிற்றாம். கைத்தொலைபேசி கரை மறையும் வரையிற்றான் வேலை செய்தது. மூன்று இரவுகள் அலைந்த பின்னர் வேறொரு படகினர் கண்டு இழுத்து வந்தனர். அந்த மூன்று இரவுகளும் தாயார் வாசற்படியை விட்டு எழவில்லையாம். நாம் உண்மையையே சொன்னோம்: கடலோடிகளுக்கென 156.8 மெகாஹேட்ஸில் 16ஆம் அலைவரிசை உண்டு; அதிற் பேசுங் கருவியே படகில் இருக்க வேண்டியது; அமெச்சூர் கருவி அதற்கு மாற்றாகாது. உயிருக்கு ஆபத்தான வேளையில் எவர் குரலும் எவருக்கும் உதவலாம் என்பது வேறு விடயம். இவ்விடை அவருக்குப் போதவில்லை என்பதை அறிந்தோம். எமக்கும் போதவில்லை.

அவருக்குச் சொன்ன மற்றொரு கதையை இங்கும் சொல்லிவிடுகிறோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தென்கரையை அழித்தபோது, அம்பாந்தோட்டையுடன் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. அப்போது ரேடியோ சொசைட்டி ஒவ் ஸ்ரீலங்காவின் தலைவராயிருந்த விக்டர் குணதிலக கொழும்பிற் பிரதமரின் அலுவலகத்துக்குச் சிற்றலைக் கருவியொன்றைக் கொண்டு சென்றார். அவருடைய தோழர்கள் மற்றொரு கருவியுடன் அம்பாந்தோட்டைக்குச் சென்றனர். மோட்டார்க் கார் மின்கலங்களின் வலுவில் அக்கருவிகள் பேசின. அதே வேளையில், அந்தமான் தீவில் அமெச்சூர் நிலையம் அமைத்து உலகத்தாருடன் பேசிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்திய மாதரசி, பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, தீவிலுள்ளோரின் நலச்செய்திகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் பணியில் இறங்கினார். இதைச் சொல்லி முடித்தபோது மீனவர் எதுவும் பேசவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற மகன்தான், “அவங்களுக்கு ஆர் இதப் படிச்சுக் குடுத்த?” என்று கேட்டான்.

வயது பதினான்கிருக்கும். ஒன்பதாம் வகுப்பு. அவனைக் கருவியருகே இருத்தினோம். எமது கம்பி காற்றில் நடுவே தொய்ந்து, எண்ணிய உயரத்திற் பாதிக்கு இறங்கியிருந்தது. பொறியியலாளர் முகஞ் சுளித்தார். ஐரோப்பாவைக் கேட்கும் ஆசை அன்று நிறைவேறாது. தாழ்ந்த கம்பி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும்; அது திரும்பி வந்து விழுவது சில நூறு கிலோமீற்றர்களுக்குள்ளேயே. ஆகவே அன்று எமக்குக் கிடைத்தவர்கள் அயலவர்களே. பொழுது சாயுமுன் இரைச்சலுக்கிடையில் ஒரு குரல் எழுந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒருவர், தமிழில்!

நண்பர் தமது குறியைச் சொல்லிப் பதிலளித்தார். இருப்பிடம் எது என்று அவர் கேட்டார். “கற்பிட்டி” என்றார் நண்பர். மறுபுறத்தில் விளங்கவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னார். “கற்பிட்டி. எழுதிக்கொண்டேன்” என்று கடல் கடந்து விடை வந்தது.

“எங்கட ஊர்ப் பேர அவர் எழுதிட்டாரா, சேர்?” என்றான் சிறுவன்.

“எழுதிட்டார், தம்பி. அட்டையும் அனுப்புவார்.”

தொடர்பு கொண்டோர் ஒருவருக்கொருவர் அஞ்சலட்டை அனுப்பி உறுதி செய்வது அமெச்சூர்களின் பழைய வழக்கம். அன்றிரவு அவன் வீட்டுக்குச் செல்ல மறுத்தான். மோர்ஸ் குறியில் ‘கே’ எழுத்து கோடு, புள்ளி, கோடு என்றும், அதுவே ‘நீர் பேசலாம்’ என்னும் அழைப்பு என்றும் சொல்லிக் கொடுத்தோம். கற்பிட்டி என்று ஆங்கிலத்தில் எழுதினாலும் அந்த எழுத்திலேதானே தொடங்குகிறது என்று அவனே கண்டு சொன்னான். 2003இல் ஜெனீவாவிற் கூடிய உலக மகாநாடு மோர்ஸ் தேர்வைக் கட்டாயமில்லையென ஆக்கிவிட்டது என்பதை அவனுக்குச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

“நானும் சங்கத்தில சேரலாமா, சேர்?”

சேரலாம் என்று சொல்லிவிட்டோம். சொல்லுவது எளிது. பரீட்சைக்கு மின்னியலும் வானொலிச் சட்டமும் அறிய வேண்டும். எம்மிடமிருந்த நூல்கள் யாவும் ஆங்கிலத்திலிருந்தன. கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் பஸ் கட்டணம் ஒரு நாட்சம்பாத்தியத்தை விழுங்கும். எனவே, ஞாயிறு காலைகளிற் புத்தளத்துக்கு வரும்படி அவனிடம் கூறி, எமது குறிப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கினோம். செலுத்தி, வாங்கி, கொள்ளளவி, மீடிறன் என்று பாடசாலையிற் பழகிய சொற்கள் பல கைகொடுத்தன. மின்தடையின் அலகு ஓம் என்றபோது, “விளங்கினதா?” என்று கேட்டோம். “ஓம்” என்றான். எதனை ஓம் என்றான் என்று இருவரும் சிரித்தோம்.

ஆறு ஞாயிறுகள் தவறாது வந்தான். தந்தையும் ஒருமுறை உடன் வந்து, பின்வாங்கில் அமர்ந்திருந்து, படகுக்குரிய கருவியின் விலையை மட்டும் விசாரித்துச் சென்றார். ஏழாம் ஞாயிறு அவன் வரவில்லை. மீன் படும் காலமாதலால், பத்தலங்குண்டுத் தீவில் வாடி போட்டிருக்கும் தந்தைக்குத் துணையாகப் போயிருப்பதாக ஊரவர் ஒருவர் சொன்னார். எப்போது திரும்புவான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவனுடைய கொப்பி எம்மிடமே இருக்கிறது. 12 வோல்ற் மின்கலமும் 6 ஓம் தடையும் தந்து மின்னோட்டத்தைக் கேட்ட ஐந்தாவது கணக்கு, பாதி எழுதியபடி இருக்கிறது.