டண்டீயும் காலாப்பட்டும்

நேற்று மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துத் தேநீர்க் கடையில், கைப்பேசியில் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ ஆடிக்கொண்டிருந்த நம் புதுச்சேரிக் காலாப்பட்டு மாணவர் ஒருவர், “அமெரிக்காக்காரன் மூளையே மூளை சார்!” என்றார். 1997இல் அது ஜனித்தது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் என்று நான் சொன்னதும், டீயை அப்படியே வைத்துவிட்டார்.

வங்காளத்துச் சணலை வரவழைத்து நெய்து ஜீவித்த ஊர் அது. அந்தத் தொழில் க்ஷீணித்த பிற்பாடு, அங்கிருந்த கடிகார ஆலையொன்றில் 1980களில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் சின்னஞ்சிறு கணினி தயாராகி வீடுகளுக்குள் நுழைய, அதன் ரப்பர் விசைகளைத் தட்டிப் பழகிய பிள்ளைகளே பின்னாளில் விளையாட்டுகளைச் சிருஷ்டிக்கலானார்கள்.

பிரிட்டிஷ் அரசியலில் எனக்கு ஒவ்வாத விஷயங்கள் அநேகம். ஆனாலும், 2014 முதல் சினிமாவுக்குப் போலவே கணினி விளையாட்டுகளுக்கும் வரிச்சலுகை அளித்து, கலையென அங்கீகரித்த அவர்களுடைய விவேகத்தை மனமாரப் போற்றுகிறேன். இங்கே அரசாங்கமும் விளையாட்டும் என்றால் 2020இல் வந்த பப்ஜி தடைதானே முதலில் ஞாபகம் வருகிறது!

நம்மிடம் கதைக்கா பஞ்சம்? 1761இல் ஆங்கிலேயரின் முற்றுகைக்குப் பின் தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரிக் கோட்டையையும், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் காணும் கப்பல்களையும் துபாஷிகளையும் வர்த்தகர்களையும் வைத்து, காலாப்பட்டிலுள்ள இரண்டு பல்கலைக்கழகங்களின் பிள்ளைகள் ஒரு விளையாட்டை உருவாக்கினால் எத்தனை அற்புதமாக இருக்கும்!

யாராவது ஆரம்பித்திருக்கிறீர்களா? சொல்லுங்களேன்.