கூரைகளின் பெயர்கள்

கட்டடம் ஒன்று கைவிடப்பட்டால் முதலில் விழுவது கூரை. ஆகவே அகழாய்வில் கூரையைத் தேடுவோர் தரையைத்தான் பார்க்க வேண்டும். ஓடு மண்ணுக்குள் காத்திருக்கும். அதன் பெயர் காத்திருப்பதில்லை.

சீனத்தில் பெயரும் எஞ்சியது. கூரை முகட்டின் இரு முனைகளிலும் நின்ற அணியை 'ச்சிவெய்' என்றனர். 'ஆந்தை வால்' என்பது பொருள். வாலால் அலையெழுப்பி மழை தரும் கடல்மீனின் உருவம் அது, மரக்கூரையைத் தீயிலிருந்து காக்கும் என்பது பழைய நூல்கள் தரும் விளக்கம். 5ஆம் நூற்றாண்டு யுங்காங் குகைச் சிற்பங்களில் அதன் வளைவைக் காணலாம். தாங் பேரரசர் தாய்ட்சோங்கின் கல்லறை வளாகத்தில் கிடைத்த ச்சிவெய் ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரம். தாங் காலத்தின் பிற்பகுதியில் அந்த வால், முகட்டைக் கவ்வும் வாயாக உருமாறியது. பெயரும் 'ச்சிவென்' ஆயிற்று. 'வென்' என்றால் வாய். உருவம் மாறியதைச் சொல்லும் பதிவு செய்துகொண்டது.

சோழநாட்டில் இறைவனின் உச்சிக்கு அத்தகைய பதிவு உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் ஸ்தூபித்தறியில் வைக்க முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் அளித்த செப்புக்குடத்தின் நிறை 3083 பலம் என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. அவன் மகன் எழுப்பிய கங்கைகொண்டசோழபுரத்திலோ, அரண்மனை நின்ற மாளிகைமேட்டில் செங்கற்சுவர்களின் அடிப்பகுதியோடு கிடைத்தவை கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும். ஆணி இருந்ததால் மரச்சட்டம் இருந்தது என்று உய்த்துணர்கிறோம். அங்கேயே சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. கடல் கடந்து வந்த கலத்தின் மரபை இனங்காண முடிகிறது. உள்ளூர்க் குயவர் சுட்ட ஓட்டுக்கோ 'கூரை ஓடு' என்ற பொதுப்பெயர்தான்.

இது மன்னர் காலத்தோடு முடிந்த கதையன்று. அகத்தியமலை அடிவாரத்துப் போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் நலிந்தபின் தொழிலாளர் லயங்கள் சிதைந்துவருகின்றன. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லே தமிழிலும் மலையாளத்திலும் 'லயம்' ஆனது. அந்தச் சொல்லுக்குள் ஒரு குடியேற்றத்தின் வரலாறு இருக்கிறது. அவ்வீடுகளின் முகட்டையும் சட்டத்தையும் இறவாரத்தையும் அங்குள்ள முதியோர் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பது அகராதியில் ஏறவேண்டிய செய்தி. ஓட்டை நாளை எவரும் தோண்டி எடுக்கலாம். பெயரை இன்றே கேட்டு எழுதினால்தான் உண்டு.