ஒரிஜினல் எது, காப்பி எது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவன் இல்லை. பி.காம். டேலி தெரியும், எக்செல் தெரியும். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் ராத்திரி தூக்கம் கெட்டுக் கற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட ஒருவன் கையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸின் மெயில் சர்வரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. (கொடுத்தவரையும் கொஞ்சம் சொல்லவேண்டும்தான். ஆனால் தப்பு என்னுடையது, அதில் சந்தேகமே வேண்டாம்.)

தில்லைநகரில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். கல்லூரி முடிந்ததும் மாலையில் அங்கே பகுதிநேர வேலை. வவுச்சர் டிக் அடிப்பது, பில்களை ஸ்கேன் செய்வது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஒரு தட்டு தட்டுவது. பிரிண்டரைத் தட்டியதில் கிடைத்த பெயரால், "தம்பிக்கு கம்ப்யூட்டர் நல்லா வருது" என்று சார் மெயில் சர்வரையும் என் தலையில் கட்டிவிட்டார்.

ஏன் சொந்தமாக சர்வர், ஜிமெயில் போதாதா என்று நானும் கேட்டேன். கிளையன்ட் காகிதம் நம்ம பீரோவில்தான் இருக்கணும், அடுத்த வீட்டு பீரோவில் இருக்கக்கூடாது என்பது சாரின் கொள்கை. என்னைக் கேட்டால், மாதம் சில நூறு ரூபாயை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அப்படி இருந்திருந்தால் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. :-)

எங்கள் தலைவலி மின்சாரம். மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் இருக்காது. யு.பி.எஸ். இரண்டு மணிநேரம் தாங்கும், அப்புறம் சர்வர் படுத்துவிடும். "வர்ற மெயிலெல்லாம் தொலைஞ்சு போகுமே?" என்று சார் பயந்தார். அது தேவையில்லாத பயம். சர்வர் படுத்துக்கிடந்தால், அனுப்புகிற பக்கத்து சர்வர் அந்த மெயிலைத் தன் வரிசையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். போஸ்ட்பிக்ஸ் என்ற மென்பொருளில், நாம் எதையும் மாற்றாவிட்டால், 5 நாள் வரை முயற்சி செய்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பும். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் மறுநாளும் வருவார் இல்லையா, அதுபோல. உண்மையான பிரச்னை வேறு. வரப்போகிற மெயில் காத்திருக்கும். ஏற்கெனவே வந்த மெயிலைத் திறந்து பார்க்க முடியாது. கிளையன்ட் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் மானப்பிரச்னை.

ஆனால் ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போகும் நாள் வேறு, தில்லைநகரில் போகும் நாள் வேறு! எனக்குத் தோன்றிய யோசனையே இதிலிருந்துதான். காவிரிக்கு இந்தக் கரையில் ஒரு பெட்டி, அந்தக் கரையில் ஒரு பெட்டி. கீழ அடையவளஞ்சான் தெருவில் எங்கள் வீட்டில், பாட்டியின் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு பழைய கணினியை வைத்தேன். இரண்டிலும் டெபியன் 12. நடுவில் வயர்கார்டு என்ற மறைகுறியாக்கிய சுரங்கப்பாதை. மெயிலைச் சேமித்து வைத்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு டவ்காட்.

டவ்காட்டை எழுதியவர் டிமோ சிரைனென் என்ற பின்லாந்துக்காரர். முதல் வெளியீடு 2002-ல். பெயருக்கு அர்த்தம் புறாக்கூண்டு. ராஜகோபுரத்துப் புறாக்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தப் பெயர் பிடிக்காமல் போகுமா? அதன் 2.3 வரிசையில் ரெப்ளிகேஷன் என்ற வசதி உண்டு. ஒரு பெட்டியில் மெயில் வந்தாலும், படித்தாலும், வேறு போல்டருக்கு நகர்த்தினாலும் 'இங்கே ஏதோ மாறியது' என்று குறிப்பு எழுதப்படும். அதைப் பார்த்து ரெப்ளிகேட்டர் எதிர்ப்பெட்டியைக் கூப்பிட்டு, இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருப்பதை மற்றதில் செய்துவிடும். செட்டிங் இருபது வரிதான். அந்த இருபது வரிக்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. யார் யாரெல்லாம் பயனர்கள் என்ற பட்டியலை சர்வர் தானாகவே எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது சத்தமே போடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம். கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு நாற்பது ஜி.பி. மெயிலும் காவிரியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சண்டை தீர்க்கும் முறை. நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு பெட்டிகளும் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று பேசவில்லை. அங்கே ஒரு மெயில் வந்து 501 என்று எண் வாங்கும். இங்கே வேறொரு மெயில் வந்து அதுவும் 501 வாங்கும். இணைப்பு திரும்பியதும் இரண்டு 501! டவ்காட் எதையும் தூக்கிப் போடாது. இரண்டு மெயிலுக்குமே புது எண் கொடுத்து இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

இதைப் பாட்டியிடம் பெருமையாக விளக்கினேன். பாட்டி அசரவே இல்லை. "இது நம்ம நம்பெருமாள் கதைதானேடா" என்றார். 1323-ல் டில்லிப் படை வந்தபோது உற்சவரை ஊரைவிட்டு எடுத்துப்போய், பல இடம் சுற்றி, கடைசியில் 1371-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள் இங்கே வேறொரு மூர்த்தியை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். இப்போது இரண்டு பேர். எவர் பழையவர்? பார்த்தவர்கள் யாரும் இல்லை. கண் தெரியாத வயதான சலவைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் அவர்களை ஈரங்கொல்லி என்பார்கள். திருமஞ்சன ஈர வஸ்திரத்தை வைத்தே அவர் அடையாளம் கண்டு, "இவரே நம்பெருமாள்" என்றாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது என்பது ஐதீகம். அதைவிட முக்கியம், மற்றவரை ஒதுக்கிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் அங்கேயே இருக்கிறார். "ரெண்டையும் வச்சுண்டாளோல்லியோ" என்று சொல்லிவிட்டுப் பாட்டி சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

அப்போது அதில் ஒரு பாதியைத்தான் நான் கேட்டுக்கொண்டேன். இரண்டு பெட்டி இருந்தால் ஒரிஜினல் எது என்ற கேள்வி வரும் என்ற மறுபாதி எனக்கு உறைக்கவில்லை.

2025 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தது. ஸ்கேன் செய்த பில்கள்தான் இடத்தை அடைத்திருந்தன. நான் யோசித்தேன்: 'இது காப்பிதானே. ஒரிஜினல் தில்லைநகரில் பத்திரமாக இருக்கிறது. பெரிய போல்டர் மூன்றை இங்கே மட்டும் அழித்தால் இடம் கிடைக்கும்.' அழித்தேன். இடம் கிடைத்தது. நிம்மதியாக மத்தியானம் தூங்கவும் செய்தேன்.

விஷயம் புரிந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நான் செய்திருந்தது இருவழி ரெப்ளிகேஷன். அதில் காப்பி என்று எதுவுமே கிடையாது. இரண்டுமே ஒரிஜினல்! வீட்டில் அழித்தது 'ஒரு மாற்றம்'. அந்த மாற்றத்தை, நான் மூன்று வாரம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தபடியே, ஒழுங்காக, சில நொடிகளில் அக்கரையில் போய்ச் செய்து முடித்துவிட்டது சர்வர். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. பிழையே இல்லையே, எப்படி வரும்?

திங்கட்கிழமை ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் அக்கா போன் செய்தார். "தம்பி, பாத்திரக்கடை போல்டரைக் காணோமே, நீ எங்கேயாவது மாத்தி வச்சியா?"

பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக்கடை எங்கள் கிளையன்ட். அவர்களுக்கு உள்ளீட்டு வரி தொடர்பாக ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்திருந்தது. வாங்கிய சரக்குக்கு பில் இருக்கிறது என்று காட்டவேண்டும். பதில் கொடுக்க மிச்சம் இருந்தது 11 நாள். பில்கள் இருந்தது அந்தப் போல்டரில். கடை முதலாளி கணக்கில் சுத்தம், காகிதத்தில் சுத்தமில்லை. மெயிலில் அனுப்பியாச்சே என்று காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் அழித்தது மெயில் இல்லை, ஒரு மனிதர் நியாயமாகக் கட்டிய வரிக்கான சாட்சி.

அழிந்த பைல்களை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். பெயரில்லாத துண்டு துக்காணிகள் வந்தன. அப்போது அக்காதான் யோசித்துச் சொன்னார்: கீல் உடைந்துபோன அவருடைய பழைய லேப்டாப் இரண்டு வாரத்துக்கு மேலாக அலமாரியில் கிடக்கிறது, அதில் தண்டர்பேர்டு இருக்கிறது. தண்டர்பேர்டு மெயில்களை லேப்டாப்பிலேயே ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் நெட் கிடைத்த மறுநிமிடம் சர்வரைக் கேட்கும். சர்வர் 'அந்தப் போல்டரா, அப்படி ஒன்றுமே இல்லையே' என்று சொல்லும். அதுவும் சமத்தாக அழித்துவிடும்.

ஆபீஸ் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினேன். எல்லோரையும் போனில் ஹாட்ஸ்பாட் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். சாரும் தன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு என் பின்னால் நின்றார். உடைந்த மூடியை அக்கா கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க, லேப்டாப்பைப் போட்டு, தண்டர்பேர்டைத் திறக்காமலே அதன் மொத்த போல்டரையும் பென் டிரைவில் காப்பி செய்தேன். அந்தப் பச்சைக் கோடு நகர்ந்த வேகம் இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. பிறகு என் லேப்டாப்பில் நெட் இல்லாமல் திறந்து பார்த்தோம். இருந்தது!

முழுவதும் இல்லை. கடைசி இரண்டு வாரத்து மெயில்களைக் கடைக்காரர்களின் அனுப்பிய பெட்டியிலிருந்து திரும்ப வாங்கினோம். மூன்று மெயில்கள் இன்றுவரை இல்லை. பதிலைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் தாக்கல் செய்தோம்.

சார் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நம்ம தொழில்ல ரப்பர் உண்டா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பேரேட்டில் தப்பாக எழுதினால் அழிக்கமாட்டோம், திருத்தப் பதிவு ஒன்று எழுதுவோம். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும், தேதியோடு. இதை முதல் வருடமே படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் இருக்கவேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் பேக்கப் வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தினார்கள். அந்த விதி கேட்பது பேக்கப். நான் ரெப்ளிகேஷன் போட்டுவிட்டு அதையே பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரெப்ளிகேஷனுக்குத் தெரிந்தது இந்த நிமிடம் மட்டும்தான், நேற்று என்ன இருந்தது என்று கேட்டால் முழிக்கும். கார்பன் பேப்பர் மாதிரி: மேலே தப்பாக எழுதினால் கீழேயும் அதே தப்பு, அதே அழுத்தத்தோடு.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது என்று பிறகு படித்து ஆறுதல் அடைந்தேன். 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேர் பெட்டியைத் திறந்தால் காலி! கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல இடத்தில் பல பிரதியாக வைக்கிறது. ஆனால் சேமிப்பு மென்பொருளில் புதிதாகப் போட்ட மாற்றத்தில் இருந்த பிழை பல பிரதிகளையும் சேர்த்தே பதம் பார்த்துவிட்டது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? டேப்! நெட்வொர்க்கில் சேராமல் தனியாகக் கிடந்த காந்த நாடா. அதனால்தான் அந்தப் பிழை அதைத் தொடவில்லை. அக்காவின் உடைந்த லேப்டாப்பும் அதுவும் ஒரே ஜாதி.

நம்ம ஊர் ஜோஹோவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியர்களின் மெயில்களே இப்போது அவர்கள் தளத்தில்தான், ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2025-ல் செய்தி வந்தது. அவர்களுக்கு மும்பையிலும் சென்னையிலும் தரவு மையங்கள் இருக்கின்றன. ஒன்றில் எழுதுவது அடுத்ததிலும் அநேகமாக உடனே எழுதப்படும். அது போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. தினமும் மாறியதை மட்டும், வாரம் ஒருமுறை முழுவதும் என்று தனியாக பேக்கப் எடுப்பதாக அவர்களுடைய பாதுகாப்பு விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் இரண்டு வேலை. முன்பே படித்திருக்கலாம். ஹ்ம்ம்.

இப்போதைய ஏற்பாடு வேறு. 2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4-ல் அந்த ரெப்ளிகேட்டர் வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மாறியபோது என் இருபது வரியும் குப்பைக்குப் போயிற்று. எனக்கு வருத்தமில்லை. இப்போது தில்லைநகர்தான் ஒரிஜினல், ஸ்ரீரங்கம் காப்பி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவழியாக மட்டும் வருகிறது. அதையும் நம்பாமல், நேற்று, முந்தாநாள் என்று ஏழு நாள் நிலையைத் தனித்தனியாக வைத்திருக்கிறேன். அழிக்கும் மெயில் உடனே போகாமல் ஒரு மறைவுப் போல்டரில் சில நாள் தங்கும்படி டவ்காட்டிலேயே ஒரு செருகுநிரல் இருக்கிறது, அதையும் போட்டாயிற்று. கரண்ட் போகும் நாளில் முன்புபோல எல்லாம் தானாக நடக்காது, நான் கையால் மாற்றிவிட வேண்டும். காலையில் வந்த மெயில் அன்று தெரியாது. சார் பரவாயில்லை என்கிறார்.

இதுபோக வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று காப்பி எடுக்கும்போது மற்றது எதிலும் செருகாமல் பாட்டியின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். சனிக்கிழமை மாற்றுவேன். மாதம் ஒருமுறை பீரோவில் இருப்பதை எடுத்து, ஏதாவது ஒரு பழைய மெயிலைத் திறக்க முடிகிறதா என்று பார்ப்பேன். போன தடவை வந்து விழுந்தது பாத்திரக்கடையின் ஒரு பில். பித்தளை அண்டா, ஆறு. நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தேன். அவசியமில்லை என்று தெரியும். இருந்தாலும்.